இதயச் செயலிழப்பு நோயாளியை வீட்டில் வைத்துத் தொலைவிலிருந்து கண்காணிப்பது: எடை, பி.பி., போன். எண்ணை யார் பார்ப்பது, எப்போது பார்ப்பது?

பொருநைக்கரை (வீட்டுச் செவிலியர்)

ஹார்ட் ஃபெயிலியருக்கு (இதயம் இரத்தத்தைப் போதிய அளவு தள்ள முடியாமல் உடம்பில் நீர் தேங்கும் நிலை) சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களைத் தொலைவிலிருந்து கவனிக்க ஒரு நடைமுறை எழுதி வைத்திருக்கிறோம். தென்காசி, சங்கரன்கோவில் சுற்றுவட்டாரத்து ஊர்களை மனதில் வைத்து எழுதியது. இதய மருத்துவர் இருப்பது திருநெல்வேலியில், பிள்ளைகள் இருப்பது சென்னையிலோ வளைகுடாவிலோ. வீட்டில் வயதான இரண்டு பேர் மட்டும். படித்துப் பார்த்து ஓட்டை எங்கே இருக்கிறது என்று சொல்லுங்கள்.

வீட்டில் இருக்க வேண்டியவை: 100 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் எடைக்கருவி, மேற்கையில் கட்டும் பி.பி. கருவி, விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர், ஒரு நோட்டு, வாட்ஸ்அப் உள்ள ஒரு போன்.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன், தினமும் ஒரே மாதிரி உடையில் எடை பார்க்க வேண்டும். பிறகு முதுகு சாய்த்து, பாதம் இரண்டும் தரையில் பட, பேசாமல் 5 நிமிடம் உட்கார்ந்திருந்து பி.பி. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. கடைசியாக ஆக்சிமீட்டர். மூன்று திரைகளையும் படம் எடுத்து 8 மணிக்குள் அனுப்ப வேண்டும். நோட்டிலும் எழுத வேண்டும்.

8:30க்குச் செவிலியர் எல்லாப் படங்களையும் பார்ப்பார். எடை 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் அன்றே மருத்துவருக்குத் தகவல் போகும். பி.பி.யின் மேல் எண் 90க்குக் கீழே, நாடித்துடிப்பு 50க்குக் கீழே அல்லது 120க்கு மேலே, ஆக்சிஜன் 92க்குக் கீழே என்றாலும் அப்படியே.

படம் வரவில்லை என்றால் 9 மணிக்குப் போன். போன் எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குப் போன். அவருடைய போன் எண்ணை டிஸ்சார்ஜ் அன்றே வாங்கி வைத்துவிடுகிறோம். காலை அளவு வராமல் இருப்பதும் மோசமான அளவு வருவதும் எங்களுக்கு ஒன்றுதான்.

---

கார்த்திகை (இதய மருத்துவம்)

நல்ல அடிப்படை. நான்கு விஷயம் சேருங்கள்.

ஒன்று, ஆரம்ப எடை. டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்கும் எடை மருத்துவமனைக் கருவியில் பார்த்தது. வீட்டுக் கருவி அதிலிருந்து ஒரு கிலோ ஒன்றரைக் கிலோ தள்ளிக் காட்டலாம். வீட்டுக்கு வந்த மறுநாள் காலை வீட்டுக் கருவியில் பார்த்த எடைதான் அவருக்கு 'நீர் வடிந்த எடை', அதாவது உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோது உள்ள எடை. அதை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். இதைச் செய்யாத இடங்களில் முதல் வாரமே பொய் எச்சரிக்கைகள் குவியும். அப்புறம் நிஜமான எச்சரிக்கை வரும்போது யாரும் அசைய மாட்டார்கள்.

இரண்டு, எடையை மட்டும் நம்பக் கூடாது. பசி குறைந்து சதை கரையும் நோயாளிக்கு, கரைந்த சதையின் இடத்தில் நீர் சேர்ந்தால் கருவி அதே எண்ணைத்தான் காட்டும். அதனால் எண்ணோடு தினமும் கேள்விகளும் வேண்டும். ராத்திரி எத்தனை தலையணை வைத்தீர்கள்? மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தீர்களா? முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் 5 விநாடி அழுத்தினால் குழி விழுகிறதா? வேட்டி, பாவாடை நாடா இடுப்பில் இறுகுகிறதா? சாப்பாடு கொஞ்சத்திலேயே போதும் என்றாகிறதா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஈரலிலும் குடலிலும் நீர் தேங்கினால் முதலில் போவது பசிதான்.

மூன்று, எடை குறைவதும் எச்சரிக்கை. சித்திரை வெயிலில், வயிற்றுப்போக்கில், வாந்தியில் தண்ணி மாத்திரையை (உடம்பின் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மாத்திரை) அப்படியே போட்டுக்கொண்டிருந்தால் உடல் வறண்டு, பி.பி. விழுந்து, சிறுநீரகம் பாதிக்கும். ஆரம்ப எடையிலிருந்து 2 கிலோ இறங்கினாலும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலும் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். டாபாக்ளிஃப்லோசின் வகை மாத்திரை எடுப்பவர் சாப்பிட முடியாமல் கிடந்தால் அதை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். அதையும் மருத்துவரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

நான்கு, வாரம் ஒரு நாளாவது நின்றபடி பி.பி. உட்கார்ந்து பார்த்துவிட்டு, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும். மேல் எண் 20 விழுந்தால் சொல்லுங்கள். வயதானவர்கள் குளியலறையில் விழுவதற்கு இது முக்கியமான காரணம்.

நீங்கள் சொன்ன எல்லைகள் பொதுவானவை. சில நோயாளிகளுக்கு மேல் எண் 90தான் வழக்கமே. நுரையீரல் அடைப்பு நோயும் சேர்ந்திருப்பவருக்கு ஆக்சிஜன் 88 முதல் 92 வரை இருந்தாலே போதும். எல்லை எண்களை ஆளுக்கு ஆள் மருத்துவர் தாளில் எழுதித் தர வேண்டும்.

---

மின்கருவி_செல்வம்

கருவிப் பக்கம் நான் சொல்றேன். இதுல பாதிப் பேர் தடுக்கி விழறாங்க.

எடைக்கருவி: பாய், ரப்பர் விரிப்பு, கார்ப்பெட் மேல வைக்கக் கூடாது. நாலு மூலையிலயும் சென்சார் இருக்கு. அடியில மெத்துன்னு இருந்தா எடை தப்பாக் காட்டும். சிமெண்ட் தரையோ டைல்ஸோ, ஆடாத இடமாப் பாத்து, அந்த இடத்தைச் சுத்திப் பெயின்டுலயோ டேப்புலயோ கட்டம் போட்டுருங்க. தினமும் அதே கட்டம். நகர்த்தினா முதல் தடவை கால் வெச்சு எடுத்து, பூஜ்யம் வந்த பிறகு ரெண்டாவது தடவை ஏறணும். ஈரக்கால் வேண்டாம். குளியலறைல வெச்சா உள்ள ஈரம் ஏறிக் கெட்டுப்போகும்.

சரியாக் காட்டுதான்னு பாக்க: 20 லிட்டர் தண்ணி கேன் மூடி பிரிக்காம வந்ததும் அதை நடுவுல வெச்சு எண்ணைக் குறிச்சுக்கோங்க. மாசத்துக்கு ஒரு தடவை அதே கம்பெனி நிறை கேனை வெச்சுப் பாருங்க. அரைக் கிலோவுக்கு மேல மாறினா முதல்ல பேட்டரிய மாத்துங்க, அப்பவும் சரியாகலைன்னா கருவிய மாத்துங்க. பேட்டரி இறங்கினா சில கருவி எண்ணைத் தப்பாக் காட்டும், அணையாது. அதான் ஆபத்து.

தள்ளாடுறவங்க ஏறுறப்ப சுவரைப் பிடிச்சா எடை குறையும். ஏறுறதுக்குப் பிடிக்கலாம், எண் நிக்கிறப்ப கை விட்டிருக்கணும். அது முடியாதவருக்கு: நாற்காலியோட சேத்து எடை போட்டு நாற்காலி எடையக் கழிக்கிற மாதிரி பெரிய தட்டு உள்ள கருவிதான் வழி. வீட்டுல தூக்கிப் பிடிச்சு எடை பாக்கிறது எதுக்கும் உதவாது.

பி.பி. கருவி: முழங்கைக்கும் தோளுக்கும் நடுவுல சுற்றளவ தையல் டேப்புல அளந்துட்டு கஃப் (கையில சுத்துற பட்டை) வாங்குங்க. சாதாரண எம் சைஸ் 22 முதல் 32 செ.மீ. வரை. குண்டுக் கையில சின்ன கஃப் போட்டா பி.பி. கூடுதலாக் காட்டும். ஒல்லியான பாட்டி கையில பெரிய கஃப் லூசாச் சுத்தினா குறைவாக் காட்டும். அதைப் பாத்து மருந்தைக் குறைச்சா என்னாகும்னு யோசிங்க. கை இதய மட்டத்துல மேஜை மேல இருக்கணும். 10 செ.மீ. கீழ தொங்கினா 7, 8 புள்ளி கூடும். மணிக்கட்டுல கட்டுற கருவி இந்த வேலைக்கு வேண்டாம். கருவி வாங்கறப்ப ஐ.எஸ்.ஓ. 81060-2 முறையில சரிபார்க்கப்பட்டதான்னு கேளுங்க.

பேட்டரி மாத்தினதும் தேதி நேரம் பழைய நிலைக்குப் போயிரும். கருவி நினைவுல இருக்கிற எண்ணைப் பாத்து 'போன வாரம்'னு நினைச்சுக்குவாங்க. மாத்தின உடனே தேதி வைங்க. ரெண்டு பேர் பயன்படுத்துற கருவில பொத்தான் ஒண்ணு ரெண்டுன்னு இருக்கும். தாத்தா ஒண்ணு, பாட்டி ரெண்டுன்னு ஸ்டிக்கர் ஒட்டிருங்க.

---

ஆலமரத்தடி

ரொம்பப் பயனுள்ள விவரம். ஒரு சந்தேகம். புளூடூத் எடைக்கருவி, பி.பி. கருவி, டேப்லெட் எல்லாம் சேர்த்து மாதச் சந்தாவுக்குத் தருகிற நிறுவனங்கள் விளம்பரம் செய்கின்றன. எண் தானாகவே போய்விடும் என்கிறார்கள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு அதுதானே நல்லது? அம்மா அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்புவது சிரமம்.

---

தரவுப்பாதை

வாங்குவதற்கு முன் இரண்டு பெரிய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவில் 1653 பேரை வைத்து நடந்த டெலி-எச்.எஃப். 2010இல் வெளியானது. நோயாளி தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து எடையையும் அறிகுறிகளையும் பதிவு செய்ய வேண்டும். ஆறு மாதத்தில் மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் அல்லது இறந்தவர்கள்: கண்காணிப்புக் குழுவில் 52.3 சதவீதம், வழக்கமான சிகிச்சைக் குழுவில் 51.5 சதவீதம். பலன் இல்லை. கண்காணிப்புக் குழுவில் 14 சதவீதம் பேர் ஒரு தடவைகூட அழைக்கவில்லை. கடைசி வாரங்களில் வாரம் மூன்று முறையாவது அழைத்தவர்கள் பாதிக்குச் சற்று மேல்தான்.

ஜெர்மனியில் 1571 பேரை வைத்து நடந்த டிம்-எச்.எஃப்.2 ஆய்வு 2018இல் வெளியானது. எடைக்கருவி, பி.பி. கருவி, இ.சி.ஜி., ஆக்சிமீட்டர் வீட்டில். மறுமுனையில் பெர்லின் சாரிட்டே மருத்துவமனையில் மருத்துவரும் செவிலியரும் 24 மணி நேரமும். எதிர்பாராமல் இதய நோய்க்காக மருத்துவமனையில் கிடந்ததாலும் இறப்பாலும் ஓர் ஆண்டில் இழந்த நாட்கள்: கண்காணிப்பில் 17.8, மற்றவர்களுக்கு 24.2. இறப்பும் குறைந்தது.

இரண்டிலும் வீட்டிலிருந்து எண் போனது. இரண்டாவதில் எண் போன இடத்தில் அதை அன்றே பார்த்து மருந்தை மாற்றவும் நோயாளியோடு பேசவும் அதிகாரமுள்ள ஆள் உட்கார்ந்திருந்தார். நோயாளிகளைத் தேர்ந்தெடுத்ததிலும் வித்தியாசம் உண்டு. முந்தைய ஓராண்டுக்குள் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களைத்தான் ஜெர்மனியில் எடுத்தார்கள், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களைச் சேர்க்கவில்லை. இருந்தாலும் அடிப்படைப் பாடம் மாறாது என்பதே என் கருத்து.

எனவே அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டியது: ஞாயிறு காலை எடை 2 கிலோ ஏறினால் யார் பார்ப்பார்? எத்தனை மணிக்குள்? அவர் எங்கள் இதய மருத்துவரிடம் பேசுவாரா, எங்களுக்கு எஸ்.எம்.எஸ். மட்டும் அனுப்புவாரா? எண் வராவிட்டால் யாராவது கூப்பிடுவார்களா? நான்குக்கும் எழுத்தில் பதில் தராவிட்டால் அந்தப் பணத்தில் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு செவிலியரைத் தினமும் பத்து நிமிடம் வரச் சொல்லுங்கள். அது மேல்.

---

மின்கருவி_செல்வம்

புளூடூத்தே வேணும்னா இதையும் தெரிஞ்சுக்கோங்க. ஆண்ட்ராய்டு 11 வரைக்கும் உள்ள போன்ல லொகேஷன் ஆன் பண்ணி அனுமதி குடுத்தாத்தான் கருவியத் தேடும். பெரியவங்க பேட்டரி மிச்சம் பிடிக்கிறோம்னு லொகேஷனை அணைச்சா எண் போகாது. போனோட பேட்டரி சேமிப்பு வசதி பின்னணில ஓடுற ஆப்பை நிறுத்திரும். அந்த ஆப்புக்கு மட்டும் 'கட்டுப்பாடு இல்லை'ன்னு வைக்கணும். வீட்டுக்கு வந்த பேரன் விளையாட்டா எடைக்கருவில ஏறினா 22 கிலோன்னு தாத்தா கணக்குல போய் நிக்கும். கரண்ட் போனா வைஃபை ரூட்டர் போயிரும், அதனால சிம் டேட்டாவுலயும் வேலை செய்யுதான்னு ஒரு தடவை ரூட்டரை அணைச்சுப் பாத்துக்கோங்க.

படம் அனுப்ப முடியாத வீட்டுல பட்டன் போன் போதும். செவிலியர் 8 மணிக்குக் கூப்பிட்டு மூணு எண்ணையும் கேட்டு, திருப்பிச் சொல்லி உறுதி பண்ணணும். அறுபத்தொன்பதா எழுபத்தொன்பதாங்கற குழப்பம் போன்ல நிறைய வரும். 'ஏழு, ஒன்பது'ன்னு இலக்கமாச் சொல்லச் சொல்லுங்க.

---

மருந்துக்கடை_மணி

எடை திடீரென்று ஏறினால் உப்புதான் காரணம் என்று வீட்டில் சண்டை வருகிறது. மருந்து டப்பாவையும் பாருங்கள்.

மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் எல்லாமே உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், தண்ணி மாத்திரையின் வேலையைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். ஆகவே எடை ஏறியதும் செவிலியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி: 'இந்த வாரம் வலி மாத்திரையோ ஊசியோ போட்டீர்களா?'

தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரை மாத்திரைகளில் சோடியம் அதிகம். 500 மி.கி. பாராசிட்டமால் நுரை மாத்திரை ஒன்றில் சுமார் 400 மி.கி. சோடியம் இருக்கும். ஒரு கிராம் சாப்பாட்டு உப்புக்குச் சமம். சாதாரண பாராசிட்டமால் மாத்திரையில் அந்தச் சிக்கல் இல்லை.

'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். ஸ்பைரனோலாக்டோன் (பொட்டாசியத்தை உடம்பில் தக்க வைக்கும் ஒரு வகைத் தண்ணி மாத்திரை) எடுப்பவருக்கு அது ஆபத்து, பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பே தடுமாறும். உப்பைக் குறைக்க அந்தப் பாக்கெட் வழி அல்ல. ஊறுகாய், அப்பளம், கருவாடு, வடகம், மோர்மிளகாய் ஆகியவற்றை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் பழைய அட்டை, புது அட்டை எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருக்கும். இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார்கள். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படிக்க வேண்டும். அட்டையை வெட்டிவிட்டால் பெயர் போய்விடும், அதனால் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தைக் கடைசியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்.

---

பொருநைக்கரை

மணி அண்ணாச்சி சொன்ன அட்டைப் பரப்புதலை முதல் வீடியோ அழைப்பிலேயே சேர்த்துவிடுகிறோம். வீடியோ அழைப்பை நாங்கள் நடத்தும் விதத்தையும் எழுதுகிறேன்.

ஜன்னல் நோயாளியின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் கருப்பாகத் தெரியும், உதட்டு நிறம் பார்க்க முடியாது. ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்கிறோம். போனைக் கையில் பிடிக்காமல் செம்பிலோ புத்தக அடுக்கிலோ சாய்த்து, தலையிலிருந்து வயிறு வரை தெரிகிற மாதிரி வைக்க வேண்டும். முதல் ஒரு நிமிடம் நோயாளியிடம் எதுவும் கேட்பதில்லை. வீட்டில் இருப்பவரோடு பேசிக்கொண்டே நோயாளியின் மூச்சை முழு நிமிடம் எண்ணுகிறோம், எண்ணுவது தெரிந்தால் மூச்சு மாறிவிடும். 24க்கு மேல் போனால் கவனம். பிறகு அவரை ஒரு நீளமான வாக்கியம் சொல்ல வைக்கிறோம். நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினால் எண் எப்படி இருந்தாலும் மருத்துவரிடம் போகிறது. அடுத்து பாதத்தைக் காட்டி, வீட்டில் இருப்பவர் அழுத்தி, குழி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்க்கிறோம். வலது இடது இரண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அது வேறு விஷயம், இரத்தக்கட்டியாக இருக்கலாம். உடனே நேரில் பார்க்க வேண்டும்.

கழுத்தில் புடைக்கும் இரத்தக்குழாயை வீடியோவில் பார்த்து முடிவு எடுப்பதில்லை. தலை உயரம், வெளிச்சம், கேமரா கோணம் எதுவும் நம் கையில் இல்லை.

சிக்னல் மோசமென்றால் பார்க்க வேண்டியதை இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு வீடியோவை அணைத்துக் குரலில் தொடர்கிறோம். படம் உறைந்து உறைந்து வரும் அழைப்பில் மூச்சு எண்ண முயலக் கூடாது, குறைவாக எண்ணுவீர்கள். காது மந்தமானவருக்கு ஸ்பீக்கர் வேண்டாம், இயர்போன் வைக்கச் சொல்லுங்கள்.

ஆக்சிமீட்டரில் விரல் சூடாக, நெயில் பாலிஷோ கருப்பு மருதாணியோ இல்லாமல் இருக்க வேண்டும். மாட்டி ஒரு நிமிடம் கழித்து, எண் நிலைத்த பிறகுதான் படம். அது காட்டும் நாடித்துடிப்பும் பி.பி. கருவி காட்டுவதும் ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். கருத்த தோலில் ஆக்சிமீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். எனவே 94 என்று வந்தாலும் ஆள் திணறினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

---

ஆய்வகம்_ராணி

இரத்தப் பரிசோதனை பற்றி யாரும் சொல்லவில்லை. தண்ணி மாத்திரை, ஸ்பைரனோலாக்டோன் டோஸ் மாறினால் ஒன்று இரண்டு வாரத்துக்குள் கிரியேட்டினின் (சிறுநீரகம் வேலை செய்வதைக் காட்டும் அளவு), சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்வார்கள். வீட்டில் வந்து எடுக்கும் வசதி இப்போது சின்ன ஊர்களிலும் இருக்கிறது. ஆனால் காலை 6 மணிக்கு எடுத்த இரத்தம் பைக் பெட்டியில் ஊர் ஊராகச் சுற்றி மதியம் ஆய்வகம் சேர்ந்தால் செல்கள் உடைந்து பொட்டாசியம் வெளியே கசியும். நோயாளிக்கு 4.6 இருப்பது தாளில் 6 என்று வரும். அதைப் பார்த்து அவசியமான மருந்தை நிறுத்திவிடுவார்கள். தாமதமாக வந்த இரத்தத்தை ஐஸில் வைத்திருந்தாலும் பொட்டாசியம் ஏறும்.

சுற்றில் கடைசி வீடாக இவர் வீட்டைப் போடச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் செல்களிலிருந்து சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) பிரித்துவிட வேண்டும். எடுக்கும்போது கையை இறுக்கக் கட்டி, முஷ்டியைத் திறந்து மூட வைத்தாலும் பொட்டாசியம் கூடும். ரிப்போர்ட்டில் 'ஹீமோலைஸ்டு' (செல்கள் உடைந்த இரத்தம்) என்று குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மருத்துவருக்கு அனுப்புங்கள்.

---

கார்த்திகை

ராணி அம்மா சொன்னது மிக முக்கியம். கூடவே இன்னொன்று: எதிர்பாராமல் 6 என்று வந்தால் 'ஆய்வகத் தவறாக இருக்கும்' என்று வீட்டில் முடிவு கட்டிக் காத்திருக்கவும் கூடாது. அன்றே இ.சி.ஜி.யும் மறுபரிசோதனையும்.

---

ஆலமரத்தடி

எடை ஏறியது என்று போனில் சொன்னால் 'தண்ணி மாத்திரை ஒன்று கூடப் போடுங்கள்' என்று செவிலியரே சொல்லலாமா? சட்டப்படி சரியா?

---

கார்த்திகை

செவிலியர் தானாக மருந்து எழுத முடியாது. மருத்துவர் முன்கூட்டியே அந்த நோயாளியின் பெயரில் எழுதி, கையெழுத்திட்டு, பதிவு எண்ணோடு கொடுத்த திட்டத்தை நோயாளிக்கு நினைவூட்டலாம். உதாரணமாக இப்படி எழுதித் தரலாம்: 'எடை இந்த எண்ணைத் தாண்டி இரண்டு காலை தொடர்ந்து இருந்தால், பி.பி. மேல் எண் 100க்கு மேல் இருந்தால், வாந்தி வயிற்றுப்போக்கு இல்லை என்றால், காலை டோஸுடன் இத்தனை மி.கி. கூடுதலாக 3 நாள். அன்றே எனக்குத் தகவல். 3 நாளில் இறங்காவிட்டால் நேரில் வரவும்.' நிபந்தனை, அளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது: நான்கும் இல்லாத வாய்மொழி உத்தரவை ஏற்காதீர்கள். சிறுநீரகம் பலவீனமான நோயாளிக்கு நான் இந்த மாதிரி திட்டம் தருவதே இல்லை. ஒவ்வொரு முறையும் பேசித்தான் மாற்றம்.

2020 மார்ச் 25இல் வந்த இந்தியத் தொலைமருத்துவ நெறிமுறை இதற்கு இடம் தருகிறது. நேரில் பார்த்த அதே மருத்துவரிடம், அதே நோய்க்கு, 6 மாதத்துக்குள் பேசினால் அது தொடர் ஆலோசனை. முதல் ஆலோசனையைவிட இதில் மருத்துவருக்கு மருந்து எழுதக் கூடுதல் சுதந்திரம் உண்டு. முதன்முறையாகப் பார்க்கும் மருத்துவர் என்றால் சாதாரணக் கடை மருந்துகளுக்கு மேல் எழுத வீடியோ வேண்டும். போதை வகை மருந்துகளைத் தொலைவில் எழுதவே முடியாது. மருத்துவர் தம் பெயரையும் பதிவு எண்ணையும் காட்ட வேண்டும், நோயாளி யாரென்று உறுதி செய்ய வேண்டும், பதிவை வைத்திருக்க வேண்டும். ஆக, 6 மாதத்துக்கு ஒரு முறையாவது திருநெல்வேலிக்கு நேரில் வரத்தான் வேண்டும். நடைமுறையில் டிஸ்சார்ஜ் ஆன 7 முதல் 14 நாளுக்குள் முதல் நேரடிப் பரிசோதனை.

---

தரவுப்பாதை

அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியையும் குறிப்பிடலாம். இலவசம், அரசு மருத்துவர்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் வரலாம். அவருக்கு இந்த நோயாளியைப் பற்றி எதுவும் தெரியாது. நோட்டின் முதல் பக்கம் (நோய், ஆரம்ப எடை, எக்கோ அளவு, மருந்துப் பட்டியல், ஒவ்வாமை), கடைசி 14 நாள் எண்கள், கடைசி இரத்தப் பரிசோதனை: மூன்று படங்களைத் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். சின்னச் சந்தேகங்களுக்கு அது போதும். டோஸ் மாற்றத்துக்கு இதய மருத்துவர்தான்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் (2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கியது) வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலர் பி.பி. பார்க்கும்போது, அவர் கருவியிலும் வீட்டுக் கருவியிலும் அடுத்தடுத்துப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வீட்டுக் கருவி தடம் மாறினால் அதில் தெரிந்துவிடும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரிப்போர்ட் போடாதீர்கள். நோயாளி, கவனிப்பவர், செவிலியர், ஒரு பிள்ளை: நான்கு பேர் போதும். குழு பெருத்தால் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள், காலை எடைப் படம் அதற்கடியில் புதைந்துவிடும்.

---

ஆலமரத்தடி

தண்ணீர் ஒன்றரை லிட்டர்தான் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் வீட்டில் எப்படி அளப்பது? காபி, ரசம், மோர் எல்லாம் கணக்கில் வருமா?

---

பொருநைக்கரை

எல்லாமே வரும். காலையில் ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஒரு பாட்டிலில் நிரப்பி வையுங்கள். குடிக்கும் தண்ணீர் அதிலிருந்து மட்டும். காபி, ரசம், மோர், கஞ்சி எது குடித்தாலும் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுங்கள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. வீட்டு டம்ளர் எத்தனை மில்லி என்று ஒரு முறை அளந்து வையுங்கள், 150 என்று நினைக்கிற டம்ளர் பல வீடுகளில் 250 இருக்கிறது. மருத்துவர் அளவு சொல்லாதவருக்குத் தண்ணீரைக் குறைக்கக் கூடாது. எல்லா இதய நோயாளிக்கும் இது பொருந்தாது.

---

கார்த்திகை

வீடியோ அழைப்புக்குக் காத்திருக்கக் கூடாத நிலைமைகளைக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்: உட்கார்ந்த நிலையிலேயே மூச்சுத்திணறல், இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், நெஞ்சு வலி, மயக்கம், உதடு நீலமாவது, புதிதாகக் குழப்பமாகப் பேசுவது. இவற்றுக்கு 108. வண்டி வரும்வரை படுக்க வைக்காதீர்கள், கால் தொங்க உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை. நோட்டும் மருந்து அட்டைகளும் ஒரே துணிப்பையில் கதவருகே தொங்கட்டும். செவிலியருக்கும் பிள்ளைகளுக்கும் போன் போடுவது 108க்குப் பிறகு.

---

ஆலமரத்தடி

கடைசிக் கேள்வி, அக்கா. தினமும் இப்படி எத்தனை நாள்? அம்மா அப்பா இரண்டு மாதத்தில் சலித்துவிடுவார்களே.

---

பொருநைக்கரை

முதல் மூன்று மாதம் தினமும் படம், தினமும் பார்வை. மருத்துவமனையில் திரும்பச் சேரும் ஆபத்து அதிகமான காலம் அதுதான். முதல் இரண்டு வாரம் எண் நன்றாக இருந்தாலும் நாங்களே ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூப்பிட்டு ஒரு நிமிடம் பேசுகிறோம். அனுப்பிய எண்ணை யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அடுத்த நாளும் அனுப்புவார்கள். '62.4, நேத்து மாதிரியே இருக்கு, நல்லது மாமா' என்று ஒரு குரல் செய்தி போதும்.

மூன்று மாதம் எடை ஒரு கிலோவுக்குள் நின்று, மருந்து மாறாமல் இருந்தால் எடை மட்டும் தினமும், பி.பி. வாரம் இரண்டு நாள், படம் அனுப்புவது வாரம் ஒரு முறை. எல்லை தாண்டினால் மட்டும் அன்றே. எடை பார்ப்பதை மட்டும் எப்போதும் நிறுத்துவதில்லை. மருந்தோ டோஸோ மாறினால், காய்ச்சல் வந்தால், மறுபடி மருத்துவமனையில் சேர்ந்து வந்தால், பழையபடி தினசரிக் கணக்கு முதல் நாளிலிருந்து. ஆரம்ப எடையையும் அப்போது மருத்துவரிடம் கேட்டுப் புதிதாக எழுத வேண்டும்.

ஞாயிறுக்கும் பண்டிகை நாளுக்கும் 8:30 மணிப் பார்வைக்கு இரண்டாவது செவிலியரின் பெயரை அட்டவணையில் போட்டாயிற்று. கார்த்திகை டாக்டர் சொன்ன ஆளுக்கு ஆள் எல்லைத் தாளின் மாதிரியைத் தனி இழையில் ஏற்றுகிறேன், அங்கே திருத்தங்களைச் சொல்லுங்கள்.